நல்லா தூக்கம் வருதாங்க?

கடந்த ஆண்டு அந்தக் கடையில் விற்ற மெத்தைகளில் மூன்றில் ஒன்றை விற்றது ஒரே ஆள். விற்பனையாளர்கள் மொத்தம் எட்டுப் பேர். மற்ற ஏழு பேரும் வாய் வலிக்கப் பேசி விற்றதுதான் மீதி. அந்த ஒரே ஆளுக்கு வயது நாற்பத்தொன்பது. கழுத்து வலி உண்டு. குரல் மெல்லியது. நிறுவனம் நடத்திய பேச்சுப் பயிற்சி வகுப்புகளில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கொட்டாவியை அடக்கியவள். சீருடையில் பெயர்ப் பட்டை குத்தியிருக்கும்; அதை யாரும் படிப்பதில்லை. கடையிலும் எதிர்ப்பக்க டீக்கடையிலும் அவளுக்குப் பெயர் மெத்தக்கா.

கீழே சோபா, மேலே மெத்தை. மாடியில் கால் வைத்ததும் யாருக்கும் ஆஸ்பத்திரி ஞாபகம்தான் வரும். வெள்ளை விளக்கு, வரிசையாகக் கட்டில், காலடியில் பிளாஸ்டிக் உறை. பழக்கமில்லாத இடத்தில், நாலு பேர் நடமாடும்போது, செருப்புக் காலோடு மல்லாந்து படுக்கச் சொன்னால் எவருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். மற்ற விற்பனையாளர்கள் தலைமாட்டில் நின்றுகொண்டு ஸ்பிரிங் எத்தனை, உத்தரவாதம் எவ்வளவு என்று ஒப்பிப்பார்கள். படுத்திருக்கிறவரோ டாக்டரிடம் வந்தவர்போல எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். எழுந்து போனால் திரும்பி வரமாட்டார்.

மெத்தக்கா அதைச் செய்யமாட்டாள். "எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பீங்களோ அப்படியே படுங்க. நான் அந்தப் பக்கம் போயிடறேன்" என்பாள். சொன்னபடி போய்விடுவாள். தலையணை அலமாரி முன்னால் முதுகைக் காட்டி நின்று, ஏற்கெனவே ஒழுங்காக இருக்கும் தலையணைகளை மறுபடி ஒழுங்குபடுத்துவாள். ஒருமுறை ஒருவர் குறட்டையே விட்டுவிட்டார். அவரை எழுப்ப ஓடி வந்த சக விற்பனையாளன் ரேடியோவை அவள் ஒரு விரலைக் காட்டி நிறுத்தினாள்.

"அக்கா, இது கடையா, லாட்ஜா?"

"கடையில குறட்டை விட்டவர் வாங்காம போனதா சரித்திரம் இல்ல. சும்மா இரு."

வாங்கித்தான் போனார்.

ரேடியோ என்பவன் விற்பனையில் அவளுக்கு அடுத்த இடத்தில் இருந்தவன். அணைக்கப் பொத்தான் கிடையாது என்று மேனேஜர் வைத்த பெயர். முப்பத்திரண்டு வயது, வீட்டில் இரட்டைக் குழந்தைகள். வாயால் மலையைப் புரட்டுவான், மாதக் கடைசியில் மட்டும் மெத்தக்காவுக்குப் பின்னால் நிற்பான்.

இத்தனைக்கும் அவளை ஓட வைத்தது அந்த மாடி இல்லை. படிக்கட்டுக்குக் கீழே இருந்த ஸ்டோர் ரூம்தான்.

மெத்தை வாங்கியவரை ஏழாம் நாள் போனில் விசாரிக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. மற்றவர்களுக்கு அது வேப்பெண்ணெய். "மெத்தை ஓகேதானே சார், தேங்க்யூ சார்" என்று ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு வைத்துவிடுவார்கள். மெத்தக்கா கடை வெறிச்சோடும் பிற்பகலில் ஸ்டோர் ரூமுக்குப் போய், கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியில் உட்காருவாள். கடையில் மெத்தைமேல் ஊழியர் உட்காரக் கூடாது, படுக்கவே கூடாது. சுற்றி நாலு பக்கமும் சுருட்டிக் கட்டிய மெத்தைகள். வெளிச் சத்தம் எட்டாது. சுருள் வயர் போனை மடியில் வைத்துக்கொண்டு நம்பரை அழுத்துவாள்.

"மெத்தைக்கடையிலேர்ந்து பேசறேன். நல்லா தூக்கம் வருதாங்க?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வாள்.

அந்தக் கேள்வியில் ஒரு விசேஷம் உண்டு. சாப்பிட்டீங்களா என்று கேட்டால் ஆச்சு என்று முடித்துவிடுவார்கள். சௌக்கியமா என்றால் சௌக்கியம். தூக்கம் வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள், ஒற்றை வார்த்தையோடு நிறுத்துகிறவர் நூற்றில் ஒருவர்கூட இருக்கமாட்டார். வருதும்மா, ஆனா விடியறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துடுது என்று தொடங்கும். மகன் பரீட்சை, மாமியார் இருமல், மேல்வீட்டுக்காரர் நாற்காலி இழுக்கும் சத்தம், வேலை போன கணவர் பகலெல்லாம் தூங்குவது என்று நீளும். அவள் 'ம்' கொட்டுவாள். "அப்படியா?" என்பாள். "அடடே" என்பாள். இந்த மூன்றே சொற்களை வைத்துக்கொண்டு பதினாறு வருஷம் ஓட்டிவிட்டாள். போனை வைக்கும்போது எதிர்முனையிலிருந்து பெரும்பாலும் ஒரே பேச்சுத்தான் வரும்: "எங்க நாத்தனாரும் மெத்தை மாத்தணும்னா. உங்க கிட்டயே அனுப்பறேன்."

நாத்தனார் வருவார். கூட அவருடைய ஓரகத்தியும் வருவார். விற்பனை கூடும். ஆனால் மெத்தக்கா நாத்தனாருக்காகப் போன் செய்யவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் மனிதர்கள் அவளிடம் பேசினார்கள். அவ்வளவுதான்.

வீட்டில் அதற்கு வழி இல்லை. மூன்றாம் மாடியில் இரண்டு அறை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர், கையை நீட்டித் தொடலாம். கணவன் முதலில் அவளோடு பேசுவதை நிறுத்தினான். பிறகு வீட்டுக்கு வருவதை நிறுத்தினான். அதுவும் ஆகிப் பல வருஷம். மகனுக்குத் தொலைதூரத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். "சாப்பிட்டியாம்மா?" "ஆச்சுடா. நீ?" "ஆச்சு. சரி, வைக்கறேன்." நல்ல பையன்தான், ஒரு வாரம் தவறமாட்டான். மற்ற நாட்களில் அந்த வீட்டில் அவள் பேசுவது குக்கரோடு மட்டும். "போதும் போதும், ஊரைக் கூட்டாதே" என்று அதை அடக்கி இறக்குவாள்.

அவள் படுத்ததோ கல்யாணத்தின்போது வாங்கிய பஞ்சு மெத்தை. நடுவில் இரண்டு பள்ளம்: ஒன்று அவளுடையது, இன்னொன்று போனவனுடையது. ஊழியருக்குத் தள்ளுபடி உண்டு, தவணை உண்டு. ஊருக்கெல்லாம் படுக்கை விரித்துக் கொடுத்தவள் தன் பள்ளத்தை மட்டும் மாற்றவில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை, அவளும் கேட்டுக்கொண்டதில்லை.

அப்போதுதான் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருகிறார் என்று மேனேஜர் காலைக் கூட்டத்தில் அறிவித்தார்.

"விக்கறவங்களை ஓட வைக்கறது எதுன்னு கண்டுபிடிக்க வர்றாங்க. ஏழாம் நாள் போனை மெஷின் கிட்ட விட்டுடலாம், அதுல மிச்சமாகறதை கமிஷன்ல போடலாம்னு ஒரு யோசனை. இல்ல, போனாலதான் விக்குதுன்னா இருக்கறபடியே இருக்கட்டும். முதல் ஆளா மெத்தக்காவைத்தான் கேப்பாங்க."

எட்டுத் தலைகளில் ஏழு அவள் பக்கம் திரும்பின.

அன்றிலிருந்து அவளுக்கு ராஜ உபசாரம். கேட்காமலே டீ வந்தது. அவள் தூக்க வேண்டிய தலையணை மூட்டையை வேறு யாரோ தூக்கினார்கள். ரேடியோ மட்டும் நேராகவே வந்துவிட்டான்.

"அக்கா, கமிஷன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. எங்க வயித்துல பால் வார்த்த மாதிரி இருக்கும்."

"உனக்கு இருக்கற வாய்க்கு நீயே சொல்லேன்டா."

"என் பேச்சை என் பொண்டாட்டியே கேக்க மாட்டேங்கறா. முதல் இடத்துக்காரங்க சொன்னாத்தான் எடுபடும். எனக்கு எல்லாமே ரெண்டு ரெண்டுக்கா. பை ரெண்டு, ஃபீஸ் ரெண்டு. செருப்பு மட்டும் நாலு."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தபின் அந்தச் சிரிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழி இல்லாமல் போயிற்று.

"போன் போனா போகுதுக்கா. அந்த ஸ்டோர் ரூம்ல தூசியைத் தின்னுட்டு உக்காந்திருக்கற தொல்லையாவது விட்டுச்சே" என்றான். அவன் அதை உண்மையாகவே நல்லெண்ணத்தில் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அதிகாரி வந்தார். இழுவைப் பெட்டி, களைத்த கண், மெத்தக்காவின் மகன் வயது இருக்கும். வந்த அரைமணியில் கேள்வி மேடம் என்று பெயர் விழுந்துவிட்டது. முதலில் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறேன் என்று ஒரு முக்காலியில் அமர்ந்துகொண்டார்.

அன்று காலை முதல் வாடிக்கையாளர் ஒரு பெரியவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்து மூடியவர். இருவர் படுக்கும் பெரிய மெத்தை வேண்டும் என்றார். மெத்தக்கா வழக்கம்போல, வாய் தானாகவே ஓட, சொல்லிவிட்டாள்:

"அம்மாவையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே. ரெண்டு பேரும் படுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவ வரமாட்டாம்மா. போன மழைக்காலத்தோட போயிட்டா."

மெத்தை விற்கிறவள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. புடவை விற்கிறவளோ சட்டி விற்கிறவளோ அந்தக் கேள்வியைக் கேட்கவே வேண்டியதில்லை. பதினாறு வருஷத்தில் நூறு முறை சொன்ன வாக்கியம், அன்று முள்ளாய்க் குத்தியது. "ஒத்தை ஆளுக்குச் சின்னதே போதுமேங்க" என்று மட்டும் கேட்டாள்.

"நான் ஓரமாத்தான் படுப்பேன். பழக்கம். அந்தப் பக்கம் காலியா கிடந்தாலும், கிடக்கணும்."

அவர் படுத்தார், ஓரமாகவே. மெத்தக்கா தலையணை அலமாரிப் பக்கம் போகவில்லை. கட்டிலின் மறுபுறம் போய், பக்கத்தில் ஆள் புரண்டால் இந்தப் பக்கம் எவ்வளவு ஆடும் என்று காட்ட, இரண்டு உள்ளங்கையையும் வைத்து மெத்தையை அழுத்தி விட்டாள். பக்கத்தில் யாரோ திரும்பிப் படுத்ததுபோல் ஒரு சின்ன அசைவு.

பெரியவர் கண்ணை மூடியிருந்தார். "இன்னொரு தடவை" என்றார்.

அவள் இன்னொரு தடவை அழுத்தினாள்.

கேள்வி மேடம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பிற்பகலில் மேனேஜர் அறையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்ததும் முதல் கேள்வியே அதுதான்.

"அந்தப் பெரியவருக்கு எதுக்கு ரெண்டாவது தடவை அழுத்தினீங்க?"

"கேட்டார், மேடம்."

"அதுக்கு முன்னாடியே வாங்கறதா முடிவு பண்ணிட்டாரே."

"ஆமா மேடம்."

கேள்வி மேடம் பேனாவை மூடி வைத்தார். நல்ல பெண். "பயப்படாம சொல்லுங்க. நீங்க சொல்றதை வெச்சுத்தான் திட்டமே போடப் போறேன். காலையில எழுந்து இங்க வரணும்னு உங்களுக்குத் தோணுதே, எதனால?"

பதில் தொண்டை வரை வந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் ஸ்டோர் ரூமைச் சொல்ல வேண்டும், மரப்பெட்டியைச் சொல்ல வேண்டும். குக்கரைச் சொல்ல வேண்டும், பள்ளத்தைச் சொல்ல வேண்டும். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ரேடியோ ஒரு தலையணையை அடித்துத் தட்டிக்கொண்டிருந்தான். தட்டத் தட்ட அதில் இனி தூசியும் இல்லை, பஞ்சும் மிஞ்சாது. ஆனாலும் தட்டினான்.

"கமிஷன்தான் மேடம்" என்றாள் மெத்தக்கா.

"அவ்வளவுதானா?"

"வேறென்ன மேடம். எல்லாம் ஒரு சாண் வயித்துக்குத்தானே."

கேள்வி மேடம் ஒரு கணம் அவளையே பார்த்தார். எதிர்பார்த்த பதில்தான், ஆனால் எதிர்பார்த்தது கிடைத்த மகிழ்ச்சி முகத்தில் இல்லை. "அப்ப அந்த போன் வேலை இல்லாட்டி உங்களுக்கு நிம்மதிதான்" என்றார். மெத்தக்கா தலையாட்டினாள், டாக்டரிடம் வந்தவள்போல.

மெஷின் மாதப் பிறப்பிலிருந்து என்று முடிவாயிற்று. அதற்கு முந்தைய நாள் அவள் செய்த கடைசி அழைப்பு கண்ணாடிக் கடைப் பெரியவருக்கு. அவருக்கு அன்று ஏழாம் நாள்.

"நல்லா தூக்கம் வருதாங்க?"

"வருதும்மா. ஆனா மெத்தை அசையவே மாட்டேங்குதே" என்றார். இருவரும் சிரித்தார்கள். பெரியவர்தான் மறுபடி தொடங்கினார்.

"ஆமா, நீ எதுலம்மா படுக்கறே?"

பதினாறு வருஷத்தில் அதை யாரும் கேட்டதில்லை. "நம்ம கடை மெத்தைதாங்க" என்று பொய் சொன்னாள்.

"தூக்கம் வருதா?"

"நல்லா வருதுங்க."

"வந்தா சரி. வெச்சிடறேன்."

அவர் வைத்த பின்னும் அவள் போனை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் யாரோ வந்து அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். மரப்பெட்டி மட்டும் கவிழ்ந்தபடி கிடந்தது.

புதுத் திட்டம் தடபுடலாகத் தொடங்கியது. கமிஷன் உயர்ந்தது. ரேடியோ கடை முழுக்க லட்டுப்போல இனித்துத் திரிந்தான். முதல் மாதம் முதல் இடத்துக்கு ஒரு பரிசும் உண்டென்று தலைமை அலுவலகம் அறிவித்திருந்தது. முதல் இடம் மெத்தக்காதான். பழைய போன்களில் பேசியவர்களின் நாத்தனார்கள் இன்னும் வந்துகொண்டிருந்தார்கள். எல்லாரும் கைதட்ட, மேனேஜர் உறையைப் பிரித்துப் படித்தார். பரிசு, ஒரு மெத்தை.

"கொல்லத் தெருவுக்கே ஊசி!" என்று ரேடியோ கூவினான். கடையே சிரித்தது. அவளும் சிரித்தாள். இருவர் படுக்கும் அளவு, உயர்ந்த ரகம், வீட்டில் கொண்டுவந்து போடுவதும் பழையதை எடுத்துப் போவதும் இலவசம்.

பழையதை எடுத்துப் போவதைப் பற்றி அவள் யோசித்திருக்கவில்லை. டெலிவரிக்காரர்கள் இருவர் வந்தார்கள்; ஒருவர் புதியதைச் சுவரில் சாய்த்தார், மற்றவர் பழையதை உருட்டிக் கயிறு கட்டிவிட்டார். பள்ளம் இரண்டும் சுருளுக்குள் மடங்கிப் போயின. "இருங்க" என்றாள். "என்னக்கா?" என்றார்கள். "ஒண்ணுமில்ல, படிக்கட்டுல திருப்பம் இருக்கு, பாத்துப் போங்க" என்றாள்.

புது மெத்தை பாறைபோல மட்டம். எந்தப் பக்கம் புரண்டாலும் ஒன்றுபோலவே இருந்தது. எங்கே படுப்பது என்று உடம்புக்குத் தெரியவில்லை.

ஏழாம் நாள் அவளுக்கு வார விடுமுறை. சாயங்காலம் குக்கரை இறக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமையும் இல்லையே என்று எடுத்தாள்.

"வணக்கம். எங்கள் மெத்தையைத் தேர்ந்தெடுத்தமைக்கு நன்றி. தங்களுக்கு நன்றாகத் தூக்கம் வருகிறதா? ஆம் என்றால் எண் ஒன்றை அழுத்தவும். இல்லை என்றால் எண் இரண்டை அழுத்தவும்."

பரிசு வாங்கியவளும் வாடிக்கையாளர்தான் போலும். இனிமையான குரல், பிசிறே இல்லை. கேட்டுவிட்டு அது வாயை மூடிக்கொண்டது. மெத்தக்கா செய்வதுபோலவே.

"வரலைங்க" என்றாள் அவள். "மெத்தை மேல குத்தம் சொல்ல மாட்டேன், நல்ல மெத்தை. நானே எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கேன். பழைய மெத்தையில நடுவுல பள்ளமா இருக்கும். ரெண்டு இருக்கும். ஒண்ணுல நான் படுத்துப்பேன், இன்னொண்ணு சும்மாத்தான் இருக்கும். ஆனா இருக்கும். இப்ப அது இல்லீங்களா, அதான்..."

"மன்னிக்கவும். தங்கள் பதில் கிடைக்கவில்லை. ஆம் என்றால் எண் ஒன்றை..."

அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். எந்த எண்ணையும் அழுத்தவில்லை. அதுவே வைத்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் சறுக்கல் தொடங்கியது. அடுத்த மாதம் இரண்டாம் இடம். அதற்கடுத்த மாதம் நான்காம் இடம். நாத்தனார்கள் வருவது நின்றது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை முதலில் கவனித்தவன் ரேடியோ. வாடிக்கையாளர் படுத்ததும் மெத்தக்கா இப்போது தலையணை அலமாரிப் பக்கம் போவதில்லை. கட்டில் பக்கத்திலேயே நிற்கிறாள். தூக்கம் எப்படி, பாதியில் முழிப்பு வருமா, வீட்டில் யார் யார் என்று அங்கேயே, அப்போதே கேட்கிறாள். ஏழு நாள் பொறுக்க அவளால் முடியவில்லை. பொறுத்தாலும் ஏழாம் நாள் பேசப் போவது அவள் இல்லை. படுத்தவர்கள் கூச்சப்பட்டு எழுந்துவிடுகிறார்கள். "வீட்டுல கேட்டுட்டு வரேங்க" என்று போகிறவர்கள் வருவதில்லை.

"அக்கா, நீங்க இப்பல்லாம் என்னைவிட அதிகமா பேசறீங்க" என்றான் ரேடியோ, டீயை நீட்டியபடி. கேலிக்காகத் தொடங்கியவன், அவள் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினான். "என்னக்கா ஆச்சு?"

"அந்த மேடம் கேட்டப்ப நான் பொய் சொல்லிட்டேன்டா."

"எதை?"

"கமிஷன்னு."

அவன் தன் டீயைக் குடிக்காமல் நின்றான். இரண்டு பை, இரண்டு ஃபீஸ், நாலு செருப்பு எல்லாம் அவன் முகத்தில் ஓடியது. இந்த மாதம் முதல் இடம் அவன்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்து, சொல்லாமல் மூடினான். ரேடியோ அணைந்து யாரும் பார்த்ததில்லை. அன்று அவள் பார்த்தாள்.

"மறுபடி கேட்டாங்கன்னா?" என்றான் கடைசியில்.

"ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிட்டுப் போய் அந்தப் பெட்டி மேல உக்கார வெப்பேன். அப்புறம் சொல்வேன்."

முதல் இடத்திலிருந்த விற்பனையாளர் மூன்றே மாதத்தில் நான்காம் இடத்துக்கு இறங்கியது ஏன் என்று தலைமை அலுவலகம் கேட்டிருக்கிறது. கேள்வி மேடம் வரும் புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு வருகிறார்.